நல்ல தண்ணீர் குடித்த கார்

என் ராசா,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கார் பார்க்க நீ அனுப்பிய ஆள் திங்கட்கிழமை காலமை வந்தார். நல்ல மனிசன். வடையும் தேத்தண்ணியும் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டேன். கார் விற்கவில்லை. இதை வாசித்த உடனே நீ போனைத் தூக்குவாய் என்று எனக்குத் தெரியும். தூக்காதே. கடைசி வரி வரைக்கும் வாசித்துவிட்டு எடு. குரலிலேயே பேசி அனுப்பியிருக்கலாம்தான். ஆனால் நான் பேசி அனுப்புவதையெல்லாம் நீ இரட்டை வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறாய். அதில் என் குரல் முட்டையிட்ட கோழி மாதிரி இருக்கிறது என்று நீயே ஒருநாள் சொல்லிச் சிரித்தாய். இந்தக் கதையைக் கோழி சொல்லக் கூடாது. அதனால் தாளும் பேனையும் எடுத்துக்கொண்டு குசினியில் அடுப்புக்குப் பக்கத்து மேசையில் இருக்கிறேன். எழுதி முடித்து ஒவ்வொரு தாளாகப் படம் பிடித்து அனுப்புவேன். தபாற்கந்தோரில் அத்தனை வருடம் ஊராரின் கடிதங்களுக்கு முத்திரை குத்தியவள் இப்படி அனுப்புகிறாளே என்று சிரிக்காதே. எனக்கு இருக்கிற சந்தோசப் புளுகத்தில், இது கடலைத் தாண்டி வரும்வரைக்கும் பொறுத்திருக்க ஏலாது.

தைப்பொங்கல் முடிந்த கையோடு நீ எடுத்த அந்தப் போன் உனக்கு நினைவிருக்கிறதா? ஆவணியில் உனக்குக் கலியாணம் என்று நாள் பார்த்து முடித்த நேரம். பெண் வீடு தெல்லிப்பழை. கோப்பாயிலிருந்து உன்னை மாப்பிள்ளையாக ஏற்றிக்கொண்டு அங்கே போவது எங்கள் சாம்பல் காரில்தான் என்று, நீ அரைக்காற்சட்டையோடு திரிந்த காலத்திலிருந்தே அப்பா சொல்லிக்கொண்டிருந்தவர். ஆனால் அந்தக் கிழமைதான் கண் டொக்டர் அவரை இனிமேல் கார் ஓட வேண்டாம் என்று சொன்னார். நேரே இருப்பது தெரிகிறது, பக்கத்தால் வருவது தெரியவில்லை. அதே கிழமைதான் காரும் உரும்பிராய்ச் சந்தியைத் தாண்டாமலே கொதித்துப் புகை விட்டது. கராச்சில் எஞ்சினையே மாற்ற வேண்டும் என்று கையை விரித்துவிட்டார்கள். நீ சொன்னாய்: "அம்மா, கார் ஏலாது, அப்பாவுக்கும் ஏலாது. வித்துப்போடுங்கோ. கலியாணத்துக்குப் பூக்கட்டிச் சோடிச்ச கார் ஒண்டு பிடிப்பம்." நான் விடவில்லை. "அப்பா அதிலைதான் உன்னைக் கொண்டுபோறதெண்டு ஆசைப்பட்டவரடா" என்றேன். நீ சிரித்துக்கொண்டுதான் கேட்டாய்: "சரி, ஆரம்மா ஓடுறது?"

போன் மேசையில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தது. அப்பா பக்கத்துக் கதிரையில் இருந்தார். அது உனக்குத் தெரியாது. எழும்பிப் போய், சட்டைப் பையில் எப்போதும் கிடக்கும் கார்த் திறப்பை எடுத்து அலுமாரி லாச்சியில் போட்டார். "அவன் சொல்லுறதுதான் சரி. விக்கட்டும்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன். மெதுவாகச் சொன்னார் ராசா. அதன்பிறகு காலமையில் கார்க் கொட்டிலுக்குப் போகிற மனிசன் போகவில்லை. பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு முற்றத்தைப் பார்த்தபடி இருந்தார். கார் போனால் போகட்டும், அது இரும்பு. ஆனால் அந்தக் காரோடு இந்த மனிசனும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடுவார் என்று எனக்குப் பயமாக இருந்தது. உன் கலியாணத்தன்று யாரோ ஒருவருடைய காரில் நீ போக, பின்னால் வருகிற வான் வண்டியில், ஓரத்தில் ஒரு ஆளாக அவர் இருந்து வருவதை நினைத்தாலே எனக்குச் சோறு இறங்கவில்லை.

இனிக் காருக்கு வந்த வருத்தத்துக்கு, அந்த நோய்க்கு வருகிறேன். எங்கள் வீட்டு வெள்ளிக்கிழமை உனக்குத் தெரியும். அப்பா குளித்து, திருநீறு பூசி, கிணற்றில் முதல் வாளி அள்ளுவார். அதில் ஒரு செம்பு சாமி அறைக்கு, ஒரு செம்பு காருக்கு. காருக்கு முன்னால் சந்தனப் பொட்டு வைத்து, பொனற்றைத் திறந்து, ரேடியேற்றர் வாயில் அந்தச் செம்புத் தண்ணீரை வார்ப்பார். எஞ்சினைக் குளிர வைக்கவென்று கடையில் பச்சையாக விற்கிற கூலன்ரை ஒருமுறை நீ வாங்கி வந்தபோது என்ன சொன்னவர்? "உந்தச் சாயத் தண்ணியை ஆர் குடிப்பான்? கோப்பாய்க் கிணத்துத் தண்ணிக்கு என்ன குறை? சாமி குடிக்கிற தண்ணி, கார் குடிக்கக் கூடாதோ?" நானும் சேர்ந்து தலையாட்டியவள்தான். உப்பில்லாத நல்ல தண்ணீர்க் கிணறு என்று எங்களுக்கு எவ்வளவு பெருமை! அயலட்டையெல்லாம் வந்து அள்ளிக்கொண்டு போகிற கிணறு அல்லவா. உலகத்தில் வேறு எந்த ஊரிலும் ஒரு கார் இவ்வளவு பக்தியாகத் தண்ணீர் குடித்திருக்காது.

ஒருநாள் காலமை நான் கேத்தலை விளக்கிக்கொண்டிருந்தேன். நீ அனுப்பிய மின்சாரக் கேத்தல் ஒரு வருடத்தில் செத்துப்போனது உனக்கு நினைவிருக்கும். உள்ளே வெள்ளையாகக் கல்லுப் பிடித்து, சூடு ஏறாமல் போய்விட்டது. இப்போது இருப்பது அடுப்பில் வைக்கிற பழைய கேத்தல். அதிலும் அடியில் சுண்ணாம்பு அப்பினமாதிரி ஒரு கல். எங்கள் மண்ணுக்குக் கீழே முழுக்கச் சுண்ணாம்புக் கல்தானே, தண்ணீர் எவ்வளவு இனித்தாலும் அது கல்லையும் கரைத்துக்கொண்டுதான் வரும். கொஞ்சம் வினாகிரி விட்டுக் கொதிக்க வைத்தேன். கல் பொருக்குப் பொருக்காகக் கழன்றது. அதைப் பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு மண்டையில் ஓங்கி ஒரு அடி விழுந்தமாதிரி இருந்தது. கேத்தலைக் கையில் பிடித்தபடியே கார்க் கொட்டிலுக்கு ஓடினேன். ஆறிக் கிடந்த ரேடியேற்றர் மூடியைத் திறந்து உள்ளே விரலை விட்டுச் சுரண்டினேன். அதே கல்!

"இஞ்சருங்கோ! ஓடி வாங்கோ!" என்று நான் போட்ட சத்தத்தில் அப்பா பாம்பு கடித்துவிட்டதாக்கும் என்று தடியோடு வந்தார். ஒரு கையில் கேத்தல், மற்றக் கை விரலில் கல்லுத் தூள்.

"இது என்ன, சொல்லுங்கோ பாப்பம்?"

"கேத்தல் கல்லு."

"இல்லை. உங்கடை காருக்குள்ளை இருந்து எடுத்தது."

அவர் விரலைத் தொட்டுப் பார்த்தார். கேத்தலுக்குள்ளும் கையை விட்டுத் தடவிப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார், அந்தப் போனுக்குப் பிறகு முதல்முறை. "ஐயோ, நான் வெள்ளிக்கு வெள்ளி கல்லெல்லோ பருக்கினனான்! இஞ்சரும், கேத்தல் சுகப்பட்டுதோ?" என்று கேட்டார். "ஓம், சுகப்பட்டிட்டுது" என்றேன். "அப்ப காரும் சுகப்படும்" என்றார். நேரே அலுமாரிக்குப் போய் லாச்சியை இழுத்துத் திறப்பை எடுத்தார். அந்தச் சத்தம் கேட்டு எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அடுத்த நாள் தொடங்கினோம். நீ பழக்கித் தந்த போனில்தான் வீடியோ பார்த்தேன். நான் பார்த்துப் பார்த்துச் சொல்ல, அப்பா செய்வார். பக்கத்தால் தெரியாவிட்டால் என்ன, எந்தக் குழாய் எங்கே போகிறது என்று அவருடைய விரல்களுக்குத் தெரியும். தண்ணீரை இறக்கினோம். தண்ணீரா அது! இரும்புக் கறளும் சேறுமாக, கருவாட்டுக் குழம்பு நிறத்தில் வந்தது. எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை மறித்து வைத்து, சூடானதும் வழிவிடுகிற சின்ன வாயில் ஒன்று உண்டு, தேர்மோஸ்ராற் என்பார்கள், அதையும் கழற்றி எடுத்தோம். பிறகு வினாகிரி வாங்கக் கடைக்குப் போனேன். நான் போத்தல் போத்தலாகக் கேட்க, கடைக்காரர், "என்ன ரீச்சரம்மா, கலியாணத்துக்கு அச்சாறோ?" என்றார். தபாற்கந்தோரில் இருந்தவளை இன்னமும் ரீச்சரம்மா என்றுதான் கூப்பிடுகிறார், திருத்தித் திருத்தி அலுத்துப்போனேன். "ஓம், கார் அச்சாறு" என்றேன்.

மாரியில் பிடித்து வைத்த மழைத் தண்ணீரில் வினாகிரியைக் கலந்து வார்த்து, எஞ்சினைச் சூடாகும்வரை ஓடவிட்டு, நிற்பாட்டி ஊறவிட்டு, ஆறினபிறகு இறக்கினோம். கல்லும் தூளுமாகக் கொட்டியது. திரும்ப வார்த்தோம், திரும்ப இறக்கினோம். வீடு முழுக்க மாங்காய் அச்சாறு மணம். கடைசியில் தெளிந்த தண்ணீர் வந்தபோது அப்பா அதைக் கோப்பையில் ஏந்தி வெயிலில் பிடித்துப் பிடித்துப் பார்த்தார். அமிலம் மிச்சம் நின்று இரும்பை அரித்துவிடும் என்று அப்பச்சோடா கரைத்த தண்ணீரும் விட்டுக் கழுவி, பிறகு வெறும் மழைத் தண்ணீரிலும் கழுவினோம். நீயும் அங்கே கார் வைத்திருக்கிறாய், ஒன்று மட்டும் கேள். ஆறும்வரைக்கும் அந்த மூடியில் கை வைக்கக் கூடாது. உன் பள்ளிக்கூடப் பரிசளிப்புக்குப் போகும்போது நடந்தது மறந்துவிட்டதா? கார் வழியில் கொதிக்க, நேரமாகிறது என்ற அந்தரத்தில் அப்பா துணியைச் சுற்றி மூடியைத் திருகினார். ஊற்றாகச் சீறின தண்ணீர் ஒருவர்மீதும் சுடச்சுடப் படாதது எங்கள் நல்ல காலம். ஆறி வழிந்த கறள் தண்ணீரெல்லாம் உன் வெள்ளைச் சட்டையில். அந்தச் சட்டையோடுதான் மேடையில் ஏறிப் பரிசு வாங்கினாய். கலியாணம் கட்டப் போகிறவனுக்கு இதையே இன்னொருமுறை சொல்லுவேன். அவளும் கொதிப்பாள், நீயும் கொதிப்பாய். அந்த நேரத்தில் மூடியைத் திருகாமல், போய் ஒரு தேத்தண்ணி வைத்துக் கொடு. நாங்கள் இத்தனை வருடம் ஓடியது அப்படித்தான்.

கழற்றிய தேர்மோஸ்ராற்றைச் சோதித்தது என் குசினியில். அதை ஒரு நூலில் கட்டி, சட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு அடுப்பை மூட்டினேன். தண்ணீர் சூடாக அது தானாக வாய் திறக்க வேண்டும். தண்ணீர் தளதள என்று கொதித்தது, அது அசையவில்லை. கல்லுப் பிடித்து இறுகிப்போய், வாயை மூடிக்கொண்டு கிடந்தது. இதுதான் எங்கள் காரின் கழுத்தை நெரித்த ஆள். யாழ்ப்பாணம் போய்ப் புதிதாக ஒன்று வாங்கி வந்து அதையும் சட்டியில் தொங்கவிட்டேன். அப்பா குசினி வாசலில் நின்று, "திறந்திட்டுதோ? திறந்திட்டுதோ?" என்று ஒரே ஆக்கினை. "பொறுங்கோப்பா, புட்டே இவ்வளவு கெதியிலை அவியாது" என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, அது குருவிக்குஞ்சு மாதிரி மெல்ல வாயைத் திறந்தது பார்! நான் துள்ளினேன். இந்த வயதில், கரண்டியும் கையுமாகத் துள்ளினேன். அப்பா கைதட்டினார். நீ பிறந்தபோதுகூட அந்த மனிசன் கைதட்டவில்லை.

அதைப் பூட்டி, பச்சைக் கூலன்ரையே வார்த்தோம். போத்தலைப் பிடித்து வார்த்தது அப்பாதான். அடுத்த வெள்ளிக்கிழமை வழக்கம்போல ஒரு செம்பு காருக்கு என்று அள்ளி வந்தார். பொனற்றுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்று யோசித்துவிட்டு, நாலு ரயர்ச் சில்லிலும் கொஞ்சம் கொஞ்சமாக வார்த்துக் கழுவினார். இப்போது அதுதான் வழக்கம்.

இவ்வளவும் சரி, நீ கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது. ஆரம்மா ஓடுறது? அந்தக் கேள்வியை நான் ஒருநாளும் மறக்கவில்லை. மாசிக்குப் பிறகு நீ எடுக்கும்போதெல்லாம் நான் பின்னேரங்களில் வீட்டில் இல்லையே, தையல் வகுப்பு என்றாரே அப்பா, நினைவிருக்கிறதா? நான் ஒரு ஊசியும் பிடிக்கவில்லை. கார் பழகினேன். ஸ்கூட்டியில் கந்தோருக்குப் போய்வந்தவள், தெருவுக்கா பயப்படப் போகிறேன்? ஆனால் கிளச்சும் கியரும் என்னை அழவைத்தன. முதல் நாள் பழக்குகிறவர், "அம்மா, கிளச்சைத் தைக்கிற மெசின் மாதிரி மிதிக்காதேங்கோ" என்றார். அப்பா என்ன செய்தார் தெரியுமா? முற்றத்தில் இரண்டு கதிரையைப் போட்டு, என்னை ஒன்றில் இருத்தி, காலுக்குக் கீழே இரண்டு தேங்காய்ச் சிரட்டையை வைத்து, கண்ணை மூடச் சொல்லிக் கிளச் விடப் பழக்கினார். லைசன்ஸ் ட்ரயலுக்குப் போனபோது என்னோடு வரிசையில் நின்றதெல்லாம் இருபது வயதுப் பெடிபெட்டையள். பின்னுக்கு எடுக்கிற இடத்தில் ஒரு பெடியன் தவறிவிட்டான். நான் தவறவில்லை! லைசன்ஸில் என் படம் பேய் மாதிரி இருக்கிறது, ஆனாலும் அதைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ எடுத்து, "நாளைக்குக் கார் பாக்க ஆள் வருவார், நல்ல ஆள், குடுத்துவிடுங்கோ" என்றாய். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். கார் கொட்டிலுக்குள் நன்றாகத்தான் உறுமுகிறது. ஆனால் கொட்டிலுக்குள் உறுமுகிறதெல்லாம் தெல்லிப்பழைக்குப் போய்ச் சேரும் என்று யார் சொன்னது? உன் மாப்பிள்ளை ஊர்வலம் போகிற அதே தெருவால், அதே மத்தியான வெயிலில் ஓடிப் பார்த்தால்தான் தெரியும். கொதித்தால் நாளைக்கு வருகிறவரிடம் திறப்பைக் கொடுத்துவிடுவது என்று அப்பாவே சொன்னார். சொல்லிவிட்டு முன் சீற்றில் ஏறி இருந்து பெல்ற்றைப் போட்டார். அந்தக் காரில் அவர் இடப்பக்கம் இருந்தது அதுதான் முதல்முறை. நான் சாமியைக் கும்பிட்டுத் திறப்பைத் திருப்பினேன்.

உரும்பிராய்ச் சந்தி, கார் கொதித்து நின்ற அதே இடம், தாண்டிவிட்டோம். சுன்னாகத்தில் சந்தைச் சனம், சைக்கிள், ஓட்டோ, ஒரு மாடும் குறுக்கே. தாண்டிவிட்டோம். எனக்குத் தலைகால் தெரியாத புளுகம். அப்போது பார்த்து மல்லாகத்தில் ரயில் கேற்றைப் பூட்டிவிட்டார்கள். முன்னால் பஸ், பின்னால் லொறி, அசைய இடமில்லை. ஓடும்போது காற்றுப் பட்டுக் கார் ஆறும்; நிற்கும்போதுதான் அதன் குணம் தெரியும். வெயில் பொனற்றில் பட்டுத் தகதகத்தது. சூடு காட்டுகிற ஊசி நடுவிலிருந்து மெல்ல ஏறத் தொடங்கியது.

"ஊசி எங்கை நிக்குது?" அப்பா கேட்டார். அந்தப் பக்கத்திலிருந்து அவருக்குத் தெரியவில்லை.

"ஏறுதப்பா."

"நிப்பாட்டாதையும். பொறும்."

"இன்னும் ஏறுது. ஐயோ, சிவப்புக்குக் கிட்ட வருது."

"பொறும் எண்டுறன். காதைக் குடும்."

அவர் கண்ணை மூடிக்கொண்டு தலையைச் சரித்துக் கேட்டார். எனக்குப் பஸ்ஸின் உறுமலைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. பிறகு எங்கள் பொனற்றுக்குள்ளிருந்து ஒரு 'உர்ர்ர்'. ரேடியேற்றர் விசிறி! "போட்டிட்டுது! விசிறி போட்டிட்டுது!" என்று அப்பா டாஷ்போட்டில் அடித்தார். நான் ஊசியைப் பார்த்தேன். நின்றது. கொஞ்சம் யோசித்தது. பிறகு நல்ல பிள்ளையாக இறங்கி வந்து நடுவில் நின்றது. ரயில் கடகடத்துப் போனபோது நாங்கள் இரண்டு பேரும் பைத்தியக்காரர் மாதிரிச் சிரித்துக்கொண்டிருந்தோம். அப்பாவின் கண்ணில் தண்ணீர். பஸ்ஸின் பின் யன்னலால் ஒரு சின்னப் பிள்ளை எங்களைப் பார்த்துக் கை காட்டியது.

தெல்லிப்பழையில் பெண் வீட்டுப் படலைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தி ஹோர்ன் அடித்தேன். மருமகள் வெளியே வந்து, சாரதி சீற்றில் என்னைக் கண்டதும் வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "மாமி, நீங்களோ ஓடி வந்தனீங்கள்?" என்று கேட்டுவிட்டு ஓடிப்போய் எல்லாரையும் கூட்டிவந்தாள். தேசிக்காய் பிழிந்து, சீனி போட்டுத் தண்ணீர் கரைத்துத் தந்தாள். அப்பா அவளுக்குப் பொனற்றைத் திறந்து கேத்தல் கதையை முதலிலிருந்து சொன்னார். அவளும் ஒவ்வொரு குழாயாகக் காட்டிக் காட்டிக் கேட்டாள். உனக்கு வாய்த்தவள் நல்லவள் ராசா, கேட்கத் தெரிந்தவள். அவள் உனக்குச் சொல்லாமல் விட்டதற்கு அவளோடு கோபிக்காதே, நான்தான் சத்தியம் வாங்கினேன். நீயும் இனிமேல் போன் எடுத்து, சாப்பிட்டீங்களோ, மருந்து போட்டீங்களோ என்று மட்டும் கேட்டுவிட்டு வைக்காதே. அது காரைக் கொட்டிலில் வைத்து ஸ்ராற் பண்ணிப் பண்ணி நிற்பாட்டுகிற வேலை. அப்பாவிடம் ஊசி எங்கே நிற்கிறது என்று கேள். அவர் ஒரு மணித்தியாலம் கதைப்பார்.

அடுத்த நாள் நீ அனுப்பியவர் வந்து, எஞ்சினைக் கேட்டுப் பார்த்துவிட்டு, "இது அருமையான ஓட்டம், ஐயா. ஏன் விக்கிறியள்?" என்றார். அப்பா வடைத் தட்டை அவர் பக்கம் தள்ளிவிட்டு, "விக்கேல்லைத் தம்பி. ஆவணியிலை ஒரு பயணம் கிடக்கு" என்றார். அவ்வளவுதான்.

ஆக, நீ பிடித்துத் தருவதாகச் சொன்ன சோடித்த காரை வேண்டாம் என்று சொல்லிவிடு. எங்கள் காருக்கு மருமகளே மல்லிகைச் சரம் கட்டி அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாள். மாப்பிள்ளையின் தாய் பட்டுச் சீலையோடு கார் ஓடுவதா என்று சொந்தக்காரர் குசுகுசுப்பார்கள், குசுகுசுக்கட்டும். முன் சீற் அப்பாவுக்கு. விசிறிக்குக் காது கொடுக்க எனக்கு ஆள் வேண்டும். நீ தோழனோடு பின்னால் இரு. தலைப்பாகை கூரையில் இடிக்கும், கொஞ்சம் குனிந்துகொள். மல்லாகத்தில் கேற் பூட்டியிருந்தாலும் அந்தரப்படாதே. பெண் வீட்டு வாசலில் நிறைகுடத்துக்குப் பக்கத்தில் நிற்கிற சனமெல்லாம், நீ இறங்கினதும், ஆர் ஓடி வந்தது என்று கேட்கும்.

அந்தப் பதிலை நீ சொல்லு.

அம்மா